வராத மெஷினுக்கு வாங்கிய மெமரி

கம்ப்யூட்டர் கடையில் இருக்கிற பொருளை விற்பதுதான் கஷ்டம். இன்னும் வராத பொருளை எவன் வேண்டுமானாலும் விற்றுவிடுவான். நான் விற்றிருக்கிறேன்.

திருத்தணியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து மலைக்குப் போகிற வழியில், மொட்டைத் தலைக்குத் தொப்பி விற்கும் கடைக்கும் பஞ்சாமிர்தக் கடைக்கும் நடுவில் என் அக்கா வீட்டுக்காரர் ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் அக்கா வீட்டுக்காரரை பாவா என்போம். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று பயந்து, ஒன்றும் நிற்காமல் போனதில் ஜனங்கள் கொஞ்சம் ஏமாந்துபோயிருந்த காலம் அது. பாகங்களைச் சென்னையில் வாங்கி வந்து, கடையிலேயே பொருத்தி விற்போம். ஸ்குரூ டிரைவர் வேலை என்னுடையது. வருகிறவர்களிடம் பேசுகிற வேலையும் என் தலையில்தான்.

எனக்குக் குரல் எழும்பாது. ஆனால் தாத்தா வாயால் கதை கேட்டு வளர்ந்தவன். எந்த இடத்தில் நிறுத்தினால் எதிரில் இருப்பவர் ‘அப்புறம்?’ என்று கேட்பார் என்பது தெரியும். இந்தத் தொழிலில் அது கெட்ட வித்தை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கடைப் பையன்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்குச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். சேர்ந்து தலையில் அடித்துக்கொள்ளலாம்.

பாதி போட்டோ

வாரத்தில் ஒரு நாள் காலை மின்சார ரயிலில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போவேன். அரக்கோணத்தில் இரண்டு பேர், மணவூரில் ஒருத்தர் ஏறுவார்கள். எல்லோரும் என்னைப்போல் பாகம் வாங்கப் போகிறவர்கள். அந்த வருஷம் எங்கள் பேச்செல்லாம் ஒரே மெஷினைப் பற்றித்தான். வீடியோ வேலை, டிசைன் வேலை செய்கிறவர்களுக்கென்றே பெரிய டெஸ்க்டாப் ஒன்று வரப்போகிறது, வொர்க்ஸ்டேஷன் என்று பெயர் என்று சொல்லிக்கொண்டார்கள். மெமரிக்கு நாலு ஸ்லாட் என்றார் ஒருத்தர். ஆறு என்றார் இன்னொருத்தர். இரண்டு ஜிபி வரைக்கும் ஏற்றலாம் என்று மணவூர்க்காரர் சொன்னபோது, வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவர் தோலை வாயில் போட்டுக்கொண்டார். எங்கள் கடையில் அறுபத்து நாலு எம்பி போட்ட மெஷின் வாங்குகிறவர், பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வருவார்.

மெமரி என்பது ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைப் பட்டை. அடியில் தங்க நிறத்தில் வரிசையாகக் கால்கள் இருக்கும். மெஷினுக்குள் இருக்கிற போர்டில் அதற்கென்று நீளப் பள்ளம் உண்டு, அதுதான் ஸ்லாட். அதில் அமுக்கி உட்காரவைக்க வேண்டும். மெமரி எவ்வளவு பெரியதோ அவ்வளவு வேலையை மெஷின் ஒரே மூச்சில் தாங்கும். மணவூர்க்காரர் ஏதோ பத்திரிகையிலிருந்து கிழித்து வந்த படத்தில் அந்தப் புது போர்டு பாதிதான் தெரிந்தது. மீதிப் பாதியை ஒரு விளம்பரம் மறைத்துவிட்டது. தெரியாத பாதியில் என்ன இருக்கும் என்பதில் எங்களுக்குள் இரண்டு கட்சி. திருவள்ளூர் வரைக்கும் சண்டை.

எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் இறங்கும்போது கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சொன்னது: “இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள காதுகுத்துக்கு நாள் பாத்துகினு கீறீங்களே, நல்லா இருப்பீங்களா நீங்க?”

பொறுமைசாலி

இதற்கு நாலு வருஷம் முன்பு, அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருந்த ஒருவர், மகன் காலேஜில் சேர்ந்த அன்றைக்கு எங்கள் கடைக்கு வந்தார். பையனுக்குக் கம்ப்யூட்டர் படிப்பு. வீட்டில் ஒன்று வேண்டும். எது நல்லது என்றார். நான் கடையில் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. உண்மையைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “மூணு மாசம் பொறுத்தா இதைவிட நல்லது வருது சார்” என்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். விற்கப் பார்க்காத பையன் என்று பாவாவிடமே பாராட்டினார்.

மூன்று மாசம் கழித்து வந்தார். அப்போது வேறொன்று வர இருந்தது. சொன்னேன். மறுபடி வந்தார். மெமரி விலை இறங்கும் என்று பேச்சு, அதையும் சொன்னேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க வரும்போதெல்லாம் மஞ்சள் வேட்டியோடு எட்டிப்பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார். ஒவ்வொரு தடவையும் நான் சொன்னது உண்மைதான். அதுதான் இதில் வயிற்றெரிச்சல். கடைசியாக வந்தபோது பிரசாதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: “பையன் படிச்சு முடிச்சிட்டான் தம்பி, இப்ப சொல்லு, எது வாங்கலாம்?”

மயிலை இறக்கியவன்

அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை என்பதற்குச் சாட்சி சாமுவேல் அண்ணன்.

மலையடிவாரத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர் அவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச், மற்ற நாளெல்லாம் முருகன் சன்னதிக் கல்யாணம். “எனக்கு ரெண்டு வீட்லயும் சோறு உண்டு தம்பி” என்பார். அவரிடம் ஒரு வீடியோ மிக்ஸர் இருந்தது. சூட்கேஸ் அளவில் நிறைய பொத்தான்களோடு இருக்கும். மாலை மாற்றும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் ஹார்ட்டு விரியும். இன்னொன்றை அழுத்தினால் நட்சத்திரம் கொட்டும். அதன் முதுகில் அவர் சம்சாரம் ஜாய்ஸ் அக்கா சிவப்பு நகப்பூச்சால் அவர் பெயரை எழுதிவைத்திருந்தார். வெளியூர் கோஷ்டிகளோடு வேலை செய்யும்போது மாறிப்போகக் கூடாதே.

அந்த வருஷம் சித்தூர் ரோட்டில் புதுசாக ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தையில் திறப்பு. மண்டபக்காரர் சாமுவேல் அண்ணனைக் கூப்பிட்டு, காலையில் நடக்கிற முகூர்த்தத்தைச் சாயங்கால ரிசப்ஷனில் டிவியில் ஓட்டிக் காட்ட முடியுமா, முடிந்தால் மண்டபத்துக் கல்யாணமெல்லாம் உனக்கே என்று சொல்லியிருந்தார். வருஷத்துக்கு நாற்பது, ஐம்பது கல்யாணம். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்திருக்கிறவருக்கு அது எப்பேர்ப்பட்ட வார்த்தை! கையில் இருந்த மிக்ஸரே அதற்குப் போதும். ஆனால் அவர் அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல வந்தது என்னிடம். நான் ரயிலில் கேட்ட வொர்க்ஸ்டேஷன் கதையை எடுத்துவிட்டேன். அதில் மெமரி இரண்டு ஜிபி என்றேன். நிறுத்தினேன். “அப்பால?” என்றார். ஹார்ட்டு என்ன ஹார்ட்டு, வானத்திலிருந்து மயிலே இறங்கி வந்து பொண்ணு மாப்பிள்ளைக்கு மேல் தோகையை விரிக்கும் என்றேன். அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து மேலே சீலிங்கைப் பார்த்தார். அங்கே மயில் இருந்ததுபோல்தான் பார்த்தார். பிறகு எழுந்து சொன்னார்: “இதை நான் இப்பவே போய் மண்டபக்காரர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன், வேற எவனாச்சும் முந்திக்கப் போறான்.”

முதுகில் பேர் இருந்தது

அந்த மெஷினுக்கான போர்டு ஐப்பசிக்குள் வந்துவிடும் என்று ரிச்சி தெருவில் பேச்சு. நான் அதைத் தீபாவளிக்குள் என்று ஆக்கிச் சொன்னேன். கடையில் அப்போதே ஒரு நல்ல மெஷின் இருந்தது. அதில் ஹார்ட்டும் நட்சத்திரமும் தாராளமாக ஓடும். மயில்கூடக் கொஞ்சம் தள்ளாடிக்கொண்டு இறங்கியிருக்கும். பாவா அதை விற்றுவிடு என்று கண்ணைக் காட்டினார். நான்தான், “வேணாம்ணா, இதை வாங்கினா அது வந்ததும் வருத்தப்படுவீங்க” என்றேன். நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், கதையைப் பாதியில் விட மனசில்லை, அவ்வளவுதான்.

பெரிய மெஷினுக்குக் கைப்பணம் பத்தாது. அதனால் சாமுவேல் அண்ணன் மிக்ஸரை அரக்கோணத்து வீடியோக்காரர் டில்லிபாபுவுக்கு விற்றுவிட்டார். மெஷின் வந்தபின் மிக்ஸர் எதற்கு என்று அவர் கேட்டபோது நானும் தலையாட்டினேன். டில்லிபாபு ஆட்டோவில் வந்து அதை மடியில் வைத்துக்கொண்டு போனார். போகிறபோது நகப்பூச்சு எழுத்தைப் பார்த்துவிட்டு, தின்னர் போட்டுத் துடைத்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார். அதற்கு சாமுவேல் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்: “துடைச்சிக்கோ பாபு, எனக்குத்தான் மயிலு வருதே!”

நூற்று எண்பத்து நாலு கால்

இனி வருவது என் தொழில்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. மற்றவர்களுக்கு இப்படி ஒரு தப்பைச் செய்ய வாய்ப்பே கிடைக்காது.

போர்டு வருவதற்கு முன்பே மெமரியை வாங்கிவைத்துவிடுவது எங்கள் வழக்கம். போர்டு வந்த அன்றைக்கு எல்லோரும் மெமரிக்கு ஓடுவார்கள், விலை ஏறும். முன்கூட்டி வாங்கியவன் கெட்டிக்காரன். பழைய மெமரிக்கு நூற்று அறுபத்து எட்டுக் கால். புது போர்டில் நூற்று எண்பத்து நாலு கால் வேண்டும் என்று ரயிலில் முடிவாகியிருந்தது. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் சண்டை இல்லை. ரிச்சி தெருவில் நான் எப்போதும் வாங்குகிற கடையில், நூற்று எண்பத்து நாலு கால் மெமரி பெரிய சைஸில் ஜோடியாக இருந்தது. முதுகில் தகடெல்லாம் போட்டு, பார்க்கவே நகை மாதிரி இருந்தது. நான் கால்களை எண்ணினேன். கடையிலேயே நின்றுகொண்டு, ஒரு பக்கம் தொண்ணூற்றிரண்டு, மறுபக்கம் தொண்ணூற்றிரண்டு என்று எண்ணினேன். சரியாக இருந்தது.

சாமுவேல் அண்ணன் மிக்ஸரை விற்றுக் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு அந்த இரண்டு பட்டைக்கே போனது. கடைக்காரர் அதைப் பஞ்சு வைத்துக் கட்டினார். எந்த போர்டுக்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வராத போர்டுக்கு வாங்குகிறேன் என்பதைச் சொன்னால் போட்டிக்கு இன்னொருத்தன் வாங்கிவிடுவான் என்று வாயை மூடிக்கொண்டேன். மற்ற இடத்திலெல்லாம் திறந்த வாய், திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டது. பொட்டலத்தை நீட்டும்போது அவர் சொன்னார்: “பத்திரமா எடுத்துட்டு போப்பா, வித்த பொருளை நாங்க திரும்ப எடுக்கறதில்ல.”

சாப்பாட்டு மேசை

தீபாவளி போயிற்று. கார்த்திகை போயிற்று. போர்டு வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் போன் போட்டால், கப்பலில் இருக்கிறது என்பார்கள். துறைமுகத்தில் இருக்கிறது என்பார்கள். ஒரு தடவை, அதே போர்டு இன்னும் நல்லதாக வருகிறது, அதனால்தான் தாமதம் என்றார்கள். அதையும் நான் சாமுவேல் அண்ணனிடம் நல்ல செய்தியாகச் சொன்னேன். இன்னும் நல்லதாக வருகிறதாம் அண்ணா! அவரும், “ஆங், வரட்டும் வரட்டும்” என்றார். ஆனால் ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்கு அவரிடம் மிக்ஸர் இல்லை. வெறும் கேமராவை வைத்துக்கொண்டு எடுத்து, கேசட்டை அப்படியே கொடுத்தார். ஹார்ட்டு எங்கே என்று பெண் வீட்டார் கேட்டார்களாம்.

மார்கழியில் ஒருநாள் ஜாய்ஸ் அக்கா கடைக்கு வந்தார். கிறிஸ்துமஸ் கேக் கொண்டுவந்திருந்தார். எனக்கும் பாவாவுக்கும் தனித்தனியாகக் கொடுத்தார். சண்டை போடுவார் என்று பயந்தேன், போடவில்லை. கேக் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: “மிக்ஸர் வச்சிருந்த மேசையிலதான் இப்ப பிள்ளைங்க உக்காந்து சாப்பிடுதுங்க தம்பி, மெஷின் எப்ப வருதுன்னு முன்னாடியே சொல்லு, தட்டை எடுத்துக்கறேன்.”

கற்பூரமும் ஜெபமும்

தை பிறந்து, மண்டபத் திறப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது போர்டு வந்துவிட்டது. ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மணவூர்க்காரர் பெட்டியை வாங்கி முகர்ந்து பார்த்தார். புது போர்டுக்கு ஒரு வாசனை உண்டு. தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஸ்லாட் நாலும் இல்லை, ஆறும் இல்லை. மூன்றுதான். பரவாயில்லை என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

கடையில் பாவா பெட்டிக்குக் கற்பூரம் காட்டினார். சாமுவேல் அண்ணன் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் சொன்னார். பாவாவும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பஞ்சாமிர்தக் கடைக்காரரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். நான் பஞ்சுப் பொட்டலத்தைப் பிரித்து மெமரியை எடுத்து ஸ்லாட்டில் வைத்தேன். உட்காரவில்லை. திருப்பி வைத்தேன். அப்படியும் உட்காரவில்லை. மெமரியின் கால் வரிசைக்கு நடுவில் ஒரு வெட்டு இருக்கும். ஸ்லாட்டில் அதற்கு நேராக ஒரு மேடு இருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் இறங்கும். இந்த மெமரியில் வெட்டு இரண்டு. ஸ்லாட்டில் மேடு ஒன்று. அதுவும் வேறு இடத்தில். பாவா, “இன்னாடா மெதுவா வைக்கற, அமுக்கு” என்று கையை நீட்டினார். “அமுக்காதீங்க பாவா” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் புரிந்தது. நூற்று எண்பத்து நாலு காலில் இரண்டு ஜாதி மெமரி இருந்திருக்கிறது. கால் எண்ணிக்கை ஒன்று, உள்ளே வேலை வேறு. படத்தில் விளம்பரம் மறைத்த பாதியில்தான் ஸ்லாட் இருந்தது. இதையெல்லாம் மெல்ல எடுத்துச் சொன்னேன். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சாமுவேல் அண்ணன் குனிந்து அந்தப் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நூத்தி எம்பத்திநாலு காலை நின்னு எண்ணினியே தம்பி, நடுவுல இருக்கற ரெண்டு வெட்டை எண்ணலியா?”

செத்துப்போன ஜாதி

மறுநாள் முதல் வண்டியில் ரிச்சி தெரு. நான் வாங்கிய ஜாதி மெமரிக்கு இனிமேல் போர்டே செய்யப்போவதில்லையாம். விலை ஒத்துவராமல் எல்லோரும் கைவிட்டுவிட்டார்களாம். கடைக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சரியான ஜாதியில் பெரிய சைஸ் இன்னும் வரவில்லை. சின்னதாக ஒன்று, நூற்று இருபத்தெட்டு எம்பி, அதுதான் இருந்தது. என் மாசச் சம்பளத்தில் வாங்கினேன். இரண்டு ஜிபி என்று சொன்ன வாயால், நூற்று இருபத்தெட்டு எம்பிக்குக் கெஞ்சினேன்.

பழைய மெமரியைப் பாதிக்காவது எடுத்துக்கொள்ளச் சொல்லி அரை மணி நேரம் நின்றேன். எனக்குச் சத்தம் போட வராது. சத்தம் போட்டிருந்தால் ஏதாவது கொடுத்திருப்பாரோ என்னவோ. கடைசியில் இரக்கப்பட்டு அவர் கொடுத்தது ஒரு டீ, கூடவே ஒரு யோசனை: “வச்சிரு தம்பி, என்னிக்காச்சும் யாராச்சும் கேப்பாங்க.”

மண்டபக்காரர் மயில் பார்த்தார்

திறப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது மண்டபக்காரர் சாம்பிள் பார்க்க எங்கள் கடைக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நல்ல மனுஷர், எல்லோரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். சாமுவேல் அண்ணன் ஒரு பழைய கல்யாணக் கேசட்டை மெஷினில் ஏற்றி, மூன்று நாளாக உட்கார்ந்து மயிலைச் சேர்த்துவைத்திருந்தார். மயில் நன்றாகத்தான் இருந்தது. மெமரி பத்தாததால் நடை மட்டும் பத்தவில்லை. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். வானத்தில் மயிலின் கால் தெரிந்தது. படம் நின்றது. கொஞ்சம் நகர்ந்தது. மயில் வயிறு வரைக்கும் வந்தது. மறுபடி நின்றது. மாப்பிள்ளை தாலியும் கையுமாக நிற்கிறார். மேளம் மட்டும் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறது.

சாமுவேல் அண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “பெரிய மெமரி போட்டா ஓடிடுங்க” என்றார். எப்போது போடுவீர்கள் என்று கேட்டார் மண்டபக்காரர். சாமுவேல் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்லியிருக்கலாம். பத்து நாளில் வருகிறது என்று ரிச்சி தெருவில் உண்மையாகவே சொல்லியிருந்தார்கள். முதல் தடவையாக அதை நான் எடுத்துவிடவில்லை, ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மண்டபக்காரர் திரும்பித் திரையைப் பார்த்தார். மயில் இன்னும் அரை அடி இறங்கியது. அவர் எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சொன்னார்: “எனுக்கு ஹார்ட்டே போதும்னு அன்னிக்கே நெனச்சேன் நைனா, இந்த மயிலு இறங்கறதுக்குள்ள பொண்ணுக்கு சீமந்தமே வந்துடும் போலகீதே!”

தலையைத் தூக்கு

மண்டபம் டில்லிபாபுவுக்குப் போயிற்று. சாமுவேல் அண்ணன் விற்ற அதே மிக்ஸர்தான். அதே ஹார்ட்டு, அதே நட்சத்திரம். காலை முகூர்த்தம், சாயங்காலம் டிவியில். பத்து நாளில் பெரிய மெமரி வரத்தான் செய்தது. அதை வாங்க சாமுவேல் அண்ணனிடம் எதுவும் மிச்சமில்லை, வாங்கி ஓட்டிக் காட்டக் கல்யாணமும் இல்லை. அந்த மெஷின் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தது. பெண் பிள்ளைகள் அதில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர் வீட்டுத் தெரு வழியே போவதையே விட்டுவிட்டேன்.

அடுத்த ஆவணியில் என் தங்கச்சி கல்யாணம், அந்த மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் முடிவு செய்தது; என்னால் மாற்ற முடியவில்லை. மணமேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு டில்லிபாபு உட்கார்ந்திருந்தார். மிக்ஸரின் முதுகு ஜனங்களைப் பார்த்து இருந்தது. நகப்பூச்சு முழுதாகப் போகவில்லை. தின்னர் பட்டு இளஞ்சிவப்பாகப் பரவியிருந்தது. தாலி கட்டப்போகும் நேரத்தில் என் கண்ணில் சூடாக வெளிச்சம் அடித்தது. திரும்பினேன். டில்லிபாபுவின் கேமராவுக்கு லைட் பிடித்துக்கொண்டு நின்றவர் சாமுவேல் அண்ணன். ஒரு தோளில் ஒயர் சுருள். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கோஷ்டி மொத்தமும் அவரை விட வயசில் சின்னவர்கள். “லைட்டு, இந்தப் பக்கம் வா” என்று கூப்பிட்டார்கள். அவர் வந்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேளம் கெட்டிமேளத்துக்கு ஏறியது. டில்லிபாபு பொத்தானை அழுத்தியிருப்பார். அந்தப் பக்கம் டிவியில் என் தங்கச்சி முகத்தைச் சுற்றி ஹார்ட்டு விரிந்தது. சின்னப் பிள்ளைகள் கத்தினார்கள். சாமுவேல் அண்ணன் லைட்டை என்மேல் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து, பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: “தலைய தூக்கு தம்பி, படத்துல மூஞ்சி வரணும் இல்ல? உன்மேல எனுக்குக் கோவமெல்லாம் இல்ல. நீ அவ்ளோ மெதுவா சொன்னியா, பொய்யா இருக்கும்னு தோணவே இல்ல.”

இப்போதெல்லாம் ‘அடுத்து என்ன வருது தம்பி?’ என்று யாராவது கேட்டால், மேசை டிராயரைத் திறந்து அந்த இரண்டு பட்டைகளையும் ஒரு தடவை பார்த்துவிட்டு ‘தெரியாது’ என்கிறேன், கடையில் வியாபாரம் படுத்ததற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம் என்கிறார் பாவா.